காலில் தட்டும் தரை

பங்குனி 6

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்க, அச்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய எங்கள் கிராமத்தில், தகப்பனார் கட்டிய வீட்டைப் புதுப்பிக்கும் காரியம் இன்று ஆரம்பமாயிற்று. முதலில் தரையைத்தான் கவனிக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஏகோபித்த அபிப்பிராயம். ஓரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டபின், வேலைக்கு வந்து குவிந்த இளைஞர்களுக்கு இடம்விடும் அவசரத்தில் இவ்வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் பக்கவாட்டில் நீண்டன. எங்கள் கூடமும் அப்படி நீண்டதுதான். அந்த நீட்சியில் பதித்த இரண்டடிக்கு இரண்டடி டைல்கள் இப்பொழுது ஒன்றுக்கொன்று ஏறியும் இறங்கியும் நின்று, தாயாரின் கால் கட்டைவிரலைத் தினந்தோறும் பரீட்சித்துக்கொண்டிருக்கின்றன.

மேஸ்திரி வயதானவர், பேச்சில் சிக்கனம் மிகுந்தவர். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைமுழுவதும் வெறுங்காலுடன் சாவகாசமாக நடந்து பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். சிலவற்றில் கெட்டியான ஓசையும், சிலவற்றில் உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லும் பொள்ளல் ஓசையும் கேட்டன. நான் டைலின் தரத்தைப் பற்றிக் குறைகூற வாயெடுக்கையில், “டைல்ஸ் மேல பழி போடாதீங்க சார். கீழ மண்ணு எறங்கிடுச்சு” என்றார்.

பங்குனி 9

இன்று கூடத்து நீட்சியைப் பெயர்த்துப் பார்த்ததில் மேஸ்திரியின் வாக்கு பிரத்தியட்சமாயிற்று. செங்கற்பட்டும் காஞ்சிபுரமும் ஏரிகள் நிறைந்த பிரதேசம். இன்று தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் நிற்கும் நிலங்களில் பல, அந்த ஏரித்தண்ணீரில் நெல் விளைந்த வயல்கள். அத்தகைய களிமண் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அம்மண்ணையே அள்ளி, கட்டடத்தின் அடித்தளச் சுவர்களுக்கு இடையே இடுப்பளவு உயரத்துக்கு ஒரே மூச்சில் கொட்டி, மேலே மெல்லிய கான்கிரீட்டைப் பரப்பி, அதன் ஈரம் காயுமுன்பே டைல் பதித்தால், அத்தரை ஓரிரு மழைக்காலங்களுக்குமேல் மட்டமாக இராது என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

செய்திருக்க வேண்டிய முறையோ மிகப் பழையது. களிமண்ணை அகற்றிவிட்டுச் சவுடோ, கிராவலோ, மணலோ கொண்டுவந்து, அதைப் 15 முதல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய பின்னரே அடுத்த அடுக்கைக் கொட்ட வேண்டும். “பேஸ்மட்டம் போட்டா ஒரு மழை பாக்கணும் சார், எங்கப்பா காலத்துல அப்படித்தான்” என்று மேஸ்திரி சொன்னபோது, ஒரு மழைக்காலத்துக்கு வாடகையைத் துறக்க இவ்வட்டாரத்தில் யார் சம்மதிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். தகப்பனார் இட்ட பழைய பாகத்துக் காவித்தரை அங்கங்கே கீறல் விட்டிருக்கிறதேயன்றி, எங்கும் இறங்கவில்லை.

பங்குனி 17

மண் இடிக்கும் வேலை நடக்கிறது. இப்பொழுதெல்லாம் திமிசுக்குப் பதிலாக எஞ்சின் வைத்த இடிப்பான் வந்துவிட்டபடியால், அதன் பேரோசையில் வீட்டில் யாரும் யாரோடும் பேசமுடியவில்லை. ஆகவே வெளியே போய்விட்டு வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் மார்க்கத்தில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலையைக் கடக்கும்போதெல்லாம், மனிதன் சமதளத்துக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்ற வியப்பு எனக்கு உண்டாகும். 2000ஆம் ஆண்டில் இங்கு உற்பத்தி தொடங்கிய மிதவைக் கண்ணாடி, 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த முறையில் ஆவது. உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை ஓடவிட, கனத்த உலோகம் அடியில் தங்க, இலேசான கண்ணாடி அதன்மேல் மிதந்து பரவி, இருபுறமும் தேய்க்காமலே மெருகும் சமமும் பெற்றுவிடுகிறது. அதற்கு முன்பெல்லாம் தட்டைக் கண்ணாடி வேண்டுமானால், வார்த்த பலகையை இருபுறமும் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. செட்டிநாட்டு ஆத்தங்குடியின் கைவினைஞர்களோ, இந்த ஆலைக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, சட்டத்துக்குள் கண்ணாடிப் பலகை வைத்து, அதன்மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றிக் கற்களை வார்த்து, கண்ணாடியின் வழவழப்பைத் தரைக்குக் கடன்வாங்கிக் கொண்டார்கள். இரண்டிலும் மேற்பரப்பின் ஒழுங்கு, அதற்கு ஆதாரமாக அடியில் கிடக்கும் பொருளின் ஒழுங்கே. இத்தனைக்கும், அந்த ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வாடகை வீடுகளில்தான் டைல்கள் காலைத் தட்டுகின்றன!

சித்திரை 2

டைல் வாங்கப் போனோம். நம் நாட்டில் விற்கும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவது. ஏறக்குறைய 1200 டிகிரி உஷ்ணத்தில் சுட்டெடுக்கும் பொருளாகையால், எவ்வளவு நல்ல டைலாயினும் சூளையில் சிறிது வளையவே செய்யும். அளவு நீள நீள, பொரித்த அப்பளம்போல அதன் வளைவும் தெரியத் தொடங்கும். கடைக்காரர் சட்டெனப் பெட்டியை மூட முயன்றும், மேஸ்திரி விடாமல் இரண்டு டைல்களை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்துவைத்து, ஓரத்தை அழுத்தி ஆட்டிப் பார்த்தார். நடுவில் முட்டிக்கொண்டு ஆடிய ஒரு ரகத்தை ஒதுக்கினார். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடைய வழக்கம். பேட்ச் மாறினால் நிறம் மட்டுமல்லாமல் அளவும் நூலிழை வேறுபட்டு, கோடு நேராக ஓடாது.

என் மகளுக்கு மரப்பலகை போன்ற நீள டைல்களைச் செங்கல் கட்டு மாதிரி, பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்க வேண்டும் என்று ஆசை. நீள டைல் வளைந்திருந்தால் அதன் நடுப்பகுதியே உயரம், முனைகளே தாழ்வு. பாதிக்குப் பாதி தள்ளினால் ஒன்றின் உச்சிக்குப் பக்கத்தில் மற்றொன்றின் பள்ளம் வந்து சேரும்; தரை முழுவதும் பல்வரிசை நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதிருந்தால் அக்குறை வெகுவாகக் குறையும். மகள் இதற்கு உடன்பட்டாள். கடையில் மாட்டியிருந்த படம் பாதிக்குப் பாதிதான்.

சித்திரை 11

பதிப்பு வேலை. மேஸ்திரியின் உதவியாளர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். தமிழும் ஹிந்தியும் கலந்த பாஷையில் இருவரும் சண்டையின்றி வேலை செய்கிறார்கள்.

முதலில் டியூப் மட்டத்தால் நான்கு சுவர்களிலும் அடையாளமிட்டார்கள். தண்ணீர் நிறைந்த குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதைவிடச் சத்தியமான கருவி இன்னும் வரவில்லை என்பது மேஸ்திரியின் கட்சி. லேசர் வைத்திருக்கும் இளைஞர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்கிறார். அடையாளத்தை வைத்துத் தரையில் பொட்டு வைத்து, நூல் கட்டி, அடித்தளத்தின் மேடுகளைச் செதுக்கிப் பள்ளங்களைப் பூசினார்கள். பெரிய டைல் பதிக்கும் அடித்தளத்தில் 3 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்று அமெரிக்க நியமம் விதிக்கிறது. இடுக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைவாயின், பக்கத்துப் பக்கத்து டைல்களுக்கு இடையே, டைலின் சொந்த வளைவு போக, ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் மட்டுமே உயரபேதம் இருக்கலாம் என்பதும் அதன் விதி.

நம் ஊர் வழக்கம், சிமெண்டும் மணலும் கலந்த கலவையை மெத்தையாகப் பரப்பி, மேலே சிமெண்ட் பாலை ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டுவது. நீரை உறிஞ்சும் பழைய டைல்களுக்கு இது போதுமானதாக இருந்தது. விட்ரிஃபைட் டைலோ தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாதது. அதைச் சிமெண்ட் பால் பற்றிக்கொள்வதில்லை. ஆதலால்தான் பல் வைத்த கரண்டியால் கோடு கோடாக இழுத்துப் பூசும் ஒட்டுக்கலவை அவசியமாகிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 15477 என்பது இக்கலவைக்குரியது. நான்கு மூலைகளில் நான்கு உருண்டை கலவை வைத்து டைலை அமுக்கும் குறுக்குவழியே பொள்ளல் ஓசையின் பிறப்பிடம். நடுவே காற்று, ஓரத்தில் பாரம், ஒரு நாற்காலியின் கால் பட்டால் விரிசல்.

பிளாஸ்டிக் கிளிப்பும் ஆப்பும் கொண்ட மட்டக் கருவியைப் பற்றி எனக்கு மிகுந்த நம்பிக்கை இருந்தது. கலவை இறுகும்வரை பக்கத்து டைல்களின் ஓரங்களை ஒரே மட்டத்தில் பிடித்துவைக்கும் அளவில் அது உபகாரிதான். அடித்தளம் பள்ளமாக இருக்கும் இடத்தில் அதை இறுக்கினால், டைலைக் கலவையிலிருந்து தூக்கிவிட்டு அடியில் வெற்றிடம் உண்டாக்கிவிடும் என்பதை இன்று கண்ணால் கண்டேன். மேஸ்திரி அந்த டைலைப் பெயர்த்து, கலவை சேர்த்து மறுபடி வைத்தார்.

சுவரோரம் சுமார் 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைத்தார்கள். உஷ்ணத்தில் விரியும் டைலுக்கு விரிய இடம் வேண்டும். சுவரோடு சுவர் முட்டி, இடுக்கே இல்லாமல் பதித்த தரைகள் ஒரு நாள் நடுவே வெடித்தெழும்பி நிற்பதைச் சென்னையில் பல வீட்டார் பார்த்திருக்கிறார்கள்.

சித்திரை 20

முன்னறையை இடிக்கவில்லை. அங்கே அடித்தளம் உறுதி. சில டைல்கள் மட்டும் குறையுடையவை. கருங்கல், பளிங்கு, மொசைக் ஆகியவற்றின் ஓரம் உயர்ந்திருந்தால் மிஷின் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தி மெருகேற்றிவிடலாம். நிறம் உள்வரை ஓடுவதால் ஹானியில்லை. மேலே மட்டும் அச்சிட்ட டைலைத் தேய்த்தால் படம் அழிந்துபோகும். ஆகவே சுற்றிலும் உள்ள கிரவுட்டைக் கட்டரால் அறுத்தெடுத்து, குறையுள்ள டைலை ஓரத்தில் நெம்பாமல் நடுவில் உடைத்து அகற்றி, பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பதித்தார்கள். ஓரத்தில் நெம்பினால் பக்கத்து டைலின் விளிம்பும் போய்விடும்.

அடுத்த தெரு நண்பர் தமது வாடகை அறைகளில் பழைய டைலின்மேலேயே புதியதைப் பதிக்க எண்ணி யோசனை கேட்டார். பழையது உறுதியாகவும் மட்டமாகவும் இருந்தால் அப்படிச் செய்யலாம். கதவை அடியில் அறுக்க வேண்டியிருக்கும், குளியலறை வாட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொள்ளல் ஓசையுள்ள தரையின்மேல் பதிப்பதோ பழைய நோய்க்குப் புதிய சட்டை போடுவதாகும் என்றேன். அவர் கணக்கில் வாடகை ஒரு மாதம் தள்ளிப்போவதே பெரிய நோயாகத் தோன்றுகிறது.

வைகாசி 1

கூடத்து நீட்சி முடிந்தது. டைலுக்குச் சதுர அடி விலை பேசும்போது ரூபாய்க்கு ரூபாய் போராடுகிற நாம், அடியில் இடும் மண்ணையும் அதை இடிக்கும் கூலியையும் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். வீடு புதுப்பிக்கும் அன்பர்கள், டைல் வந்து இறங்குமுன்பே ஒரு நீண்ட மட்டப்பலகையை அடித்தளத்தின்மேல் வைத்து, அதன் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று தாங்களே குனிந்து பாருங்கள். வேலை முடிந்தபின் பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன், இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் ஏற்ற இறக்கம் நிழலாகத் தெரிந்துவிடும். நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். அதே பேட்சில் ஒரு பெட்டியைக் கூடுதலாக வாங்கிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த ரகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.