எல்லோராக் குகைச் சுவரில் கஞ்சா நார்!

பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களையும் ஒருமுறையாவது தரிசித்துவிட வேண்டும் என்று வருடக்கணக்கில் காசு சேர்த்து வடநாட்டு யாத்திரை புறப்படுகிறவர்கள் நம் தோட்டப்புறங்களில் நிறையப் பேர் உண்டு. அந்தப் பன்னிரண்டில் கடைசியாகச் சொல்லப்படுவது கிரிஷ்னேஸ்வர். மகாராஷ்டிர மாநிலத்தில் அவுரங்காபாத் என்று நெடுங்காலம் வழங்கிய நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். (2023 முதல் அந்நகரின் பெயர் சத்திரபதி சம்பாஜிநகர். பயணச்சீட்டில் இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்!) ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கருவறைக்குள் போக வேண்டும். கூட்டம் நெருக்கித் தள்ளும். தரிசனம் முடிந்ததும் வழிகாட்டி, "ஏறுங்கள், ஏறுங்கள், நேரமாகிறது" என்று பேருந்தில் ஏற்றிவிடுவார்.

ஏறிவிடாதீர்கள், வாசகர்களே. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் எல்லோராக் குகைகள் இருக்கின்றன.

குன்றின் பக்கவாட்டை வெட்டிக் குடைந்த 34 குகைகள். முதல் பன்னிரண்டு பௌத்தர்களுடையவை, அடுத்த பதினேழு இந்து சமயத்தவருடையவை, கடைசி ஐந்து சமணர்களுடையவை. மூன்று சமயத்தாரும் ஒரே மலையில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல் இருந்திருக்கிறார்கள். பதினாறாம் எண்ணுள்ள கைலாசநாதர் கோயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டி ஒரு முழுக் கோயிலையே செதுக்கி எடுத்தார்கள். புகைப்படம் எடுப்பவர்களெல்லாம் அங்கேதான் நிற்பார்கள். நீங்களும் நின்று பாருங்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாமல், கொஞ்சம் நடந்து பன்னிரண்டாம் குகைக்கு வாருங்கள்.

'தீன் தால்' என்று அதற்குப் பெயர். மூன்று மாடி என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் கோயில் போலவே இருக்காது. சதுரத் தூண்களை வரிசையாக நிறுத்திய ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் போலத் தெரியும். புத்த பிக்குகள் தங்கியிருந்த விகாரை அது. உள்ளே படியேறி மேல்மாடிக்குப் போனால், இருபுறமும் வரிசையாக அமர்ந்த புத்தர் சிலைகள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். சிலைகளை வணங்கிய பிறகு, கண்ணைச் சுவரின் பக்கம் திருப்புங்கள். கூரையையும் அண்ணாந்து பாருங்கள். வெட்டிய கருங்கல்லின் மேல் மண் பூச்சு ஒன்று ஆங்காங்கே திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பது தெரியும். தொடக்கூடாது, கண்ணால் மட்டும் பாருங்கள்.

மண் பூச்சு நமக்குப் புதியதல்ல. நம் பாட்டிமார்கள் வைக்கோலும் உமியும் சேர்த்து மண்ணை மிதித்துக் குழைத்துச் சுவர் எழுப்பிய கதையைக் கேட்டிருப்பீர்கள். வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். நார் உள்ளே இருந்தால் மண் துகள்களைப் பிடித்துக்கொள்ளும், வெடிக்காது. எல்லோராவிலும் அதே சூத்திரந்தான். கரடுமுரடான கல்மேல் நேராக வண்ணம் தீட்ட முடியாது. எனவே களிமண்ணும் சுண்ணாம்பும் நாரும் சேர்த்துப் பூசி, மட்டமாக்கி, அதன்மேல் ஓவியம் எழுதினார்கள். எந்த நாரைச் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு 2016இல் பதில் வந்தது. இந்தியத் தொல்லியல் துறையில் வேதியியல் நிபுணராக இருந்த ராஜ்தேவ் சிங்கும், தாவரவியலாளர் மிலிந்த் சர்தேசாயும் பூச்சு மண்ணில் சிறு துணுக்கை எடுத்து, மின்னணு நுண்நோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார்கள். 'கரண்ட் சயின்ஸ்' என்ற ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். மண்ணுக்குள் இருந்தது கஞ்சாச் செடியின் தண்டு நார்! ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தும், இன்ன செடி என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு அது கெடாமல் இருந்தது.

இதைவிட வியப்பு, அவர்கள் பக்கத்திலுள்ள அஜந்தாவோடு ஒப்பிட்டுச் சொன்னதுதான். அஜந்தா ஓவியங்களின் புகழ் உலகம் அறிந்தது. அங்கேயும் மண் பூச்சுதான். வேறு தாவர நார்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கஞ்சா நார் இல்லை. அஜந்தா ஓவியங்களில் கால் பங்குக்குக் குறையாமல் பூச்சி அரித்துப் பாழாகியிருக்கிறது என்றும், எல்லோராவின் பூச்சில் அந்தப் பூச்சி அரிப்பைக் காணோம் என்றும் அவர்கள் எழுதினார்கள். இந்த நார் பூச்சியை அண்டவிடாது. குகையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வறண்ட காலத்தில் திருப்பி விட்டுவிடும். சுண்ணாம்போடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் சொல்லும் காரணங்கள் இவை.

கரையான் அரித்த பலகைச் சுவரைக் கையால் குத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் செய்தியின் அருமை தெரியும். நடுப்பகலில் தகரக் கூரையின் கீழ் குழந்தையைத் தூங்கவைத்த தாய்மார்களுக்கும் தெரியும். கைலாசத்தை வெட்டச் சொன்ன மன்னனின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. எந்த நாரைச் சேர்த்தால் பூச்சி வராது என்று அறிந்து மண்ணை மிதித்தவன் பெயர் கிடைக்கவில்லை. கூலிக்காரன் பெயரை யார் கல்லில் வெட்டுவார்கள்?

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் 'சணல்' என்று சொல்லும் அரிசிச் சாக்கு நார் வேறு செடி. ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்பது கஞ்சாச் செடியின் இனமேதான். சித்த வைத்தியர்கள் கோரக்கர் மூலி என்பார்களே, அந்தச் செடி. ஒரே செடியில் இரண்டு குணம் உண்டு. பூவிலும் பிசினிலும் போதை, தண்டில் நார். நெருக்கமாக விதைத்து, நெட்டையாக வளரவிட்டு, நாருக்காகவே பயிரிடும் வகைகளில் போதைச் சத்து மிகமிகக் குறைவு. ஐரோப்பாவில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். இக்கட்டுரையில் அதை நார்க்கஞ்சா என்றே சொல்லி வருகிறேன்.

நான்கு மாதத்தில் ஆளுக்கு மேல் வளர்ந்துவிடும் செடி இது. தண்டை அறுத்து ஊறப்போட்டால் மேல்தோல் நாராக உரியும். அதில் கயிறு, கித்தான், துணி, காகிதம் எல்லாம் செய்தார்கள். பாய்மரக் கப்பல்கள் கடலில் ஓடிய காலமெல்லாம் இந்த நாரால் திரித்த கயிற்றை நம்பி ஓடின. நார் போக எஞ்சுவது நெட்டி போன்ற லேசான உள்தண்டு. முன்பு அது குப்பை. 1980களில் பிரான்ஸ் நாட்டில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து, மரச்சட்டங்களுக்கு நடுவே இட்டு இடித்துச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 'ஹெம்ப்கிரீட்' என்று இன்று அதற்குப் பெயர். எல்லோராக் குகைப் பூச்சுக்குத் தூரத்துப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இந்தச் சுவர் சிமெண்டைப் போல் பாரம் தாங்காது. பாரத்தை மரச்சட்டந்தான் தாங்க வேண்டும். ஆனால் வெயிலின் சூட்டை உள்ளே விடாது. எளிதில் தீப்பிடிக்காது. உலகத்தின் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது என்கிறார்கள். இந்தச் செடியோ வளரும்போது அதே வாயுவை உறிஞ்சித் தண்டில் வைத்துக்கொள்கிறது. சுவர் நிற்கும்வரை அது சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மழைத் தண்ணீர் சுவர்மேல் நேராக அடிக்கக் கூடாது என்பது முக்கியம். கூரையை நீட்டி இறக்கி, அடித்தளத்தை உயர்த்திக் கட்ட வேண்டும். நம் மழைக்கு நம் மலாய்க் கம்பத்து வீடுகள் அப்படித்தானே நிற்கின்றன!

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நாமும் நாலு விதை கொண்டுவந்து..." என்று எண்ணுகிறீர்களா? அங்கேதான் நிற்க வேண்டும். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப் பொருள் சட்டம் நார்க்கஞ்சா, போதைக் கஞ்சா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பிசின் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது கஞ்சாதான். 200 கிராம் கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே அந்தச் சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது. வடநாட்டுச் சிவத்தலங்களில் சிவராத்திரி சமயத்தில் 'பாங்' என்று பாலில் கலந்து நீட்டுவார்கள். பிரசாதம் என்று வாங்கிக் குடித்துவிடாதீர்கள். கஞ்சா இலையை அரைத்துச் செய்வது அது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அங்கே குற்றந்தான். எல்லை தாண்டித் தாய்லாந்து போய்வரும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அங்கே கடையில் விற்கிறதே என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், நம் எல்லையில் பதில் சொல்ல முடியாது.

இந்தியாவில் சட்டம் வேறு மாதிரி. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்திலேயே, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அதை வைத்து 2018இல் இமயமலை மாநிலமான உத்தராகண்ட் நார்ப் பயிருக்கு உரிமம் கொடுத்தது. போதையைக் கண்டித்து வைத்துக்கொண்டே நாரைப் பயன்படுத்தும் வழி அது. எளிய வழி என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வயலிலும் செடியைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளைப் போதைக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்க, நம் அரசு தயங்குவதை நான் குறை சொல்லவில்லை.

நல்ல வேளையாக, நமக்கு இந்த வம்பு இல்லாத ஒரு செடி இருக்கிறது. அதன் பெயர் கெனாஃப். உங்கள் வீட்டுக் கொல்லையில் வளரும் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய சொந்தம், செம்பருத்திக் குடும்பம். இலை மட்டும் கஞ்சா இலைபோல விரல் விரலாகப் பிரிந்திருக்கும். தாவரவியலார் அதன் பெயரிலேயே 'கன்னாபினஸ்' என்று சேர்த்துவிட்டார்கள். போதை கிடையவே கிடையாது. இதுவும் நான்கைந்து மாதத்தில் ஆளுக்கு இருமடங்கு உயரம் வளரும். இதற்கும் மேலே நார், உள்ளே லேசான தண்டு.

கிளந்தானில் புகையிலை பயிரிட்டவர்களுக்கு, ஆசியான் தாராள வாணிபத்தால் இறக்குமதிப் புகையிலையோடு போட்டி போட முடியாமல் போனது. மாற்றுப் பயிராக அரசு இதைக் கொடுத்தது. 2010இல் புகையிலை வாரியத்தின் பெயரே தேசியக் கெனாஃப், புகையிலை வாரியம் என்று மாறியது. பலகை, கால்நடைத் தீவனம், கார் கதவின் உள்பலகை வரை இந்த நாரில் செய்கிறார்கள். ஆனால் வாங்க ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் தண்டு வயலிலேயே மக்கும். பயிர் எவ்வளவு நல்லதானாலும் குடியானவன் கையில் வந்து சேரும் விலைதான் கணக்கு. ரப்பர் விலை ஏறி இறங்கியதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, யாத்திரைக்கு வருவோம். எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை. அஜந்தா நகரின் மறுபக்கம், 100 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். மே மாத வெயில் வேண்டாம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். பன்னிரண்டாம் குகையின் படிகள் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நின்று கொள்ளலாம். மேலே போகிறவர்கள் பிற்பகல் வெளிச்சம் உள்ளே வரும்போது போங்கள். பூச்சு உதிர்ந்த ஓரங்களில் சற்று நேரம் கண்ணைப் பழக்கிப் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து ரோமம்போல் ஏதேனும் நீட்டிக்கொண்டிருந்தால், அது என்னவென்று பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.