நெல்லறிந்த கைகள்

சீர்காழி என்றதும் நினைவுக்கு வருவது சட்டைநாதர் கோயில், ஞானப்பால் உண்ட சம்பந்தர், அப்புறம் கோவிந்தராஜனின் வெண்கலக் குரல். நூலகத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது இங்கேதான். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'எஸ்' இந்த ஊர்தான். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, எந்த வாசகரும் தனக்கான புத்தகம் இல்லாமல் திரும்பக் கூடாது என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள்.

புத்தகத்துக்குச் சொன்னதைச் சினிமாவுக்கும் சொன்னால் என்ன? சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 2018இல் தொடங்கிய கூகை திரைப்பட இயக்கம் நூலகத்தையும் சினிமாவையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. அவருடைய நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் திரைப்பட விழாவுக்குப் பி. கே. ரோசியின் பெயர். மலையாளத்தின் முதல் கதாநாயகி அவர். ஒடுக்கப்பட்ட பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் ஊரைவிட்டே துரத்தினார்கள்.

சென்னையில் நடக்கிறது, சரி. சீர்காழி நூலகம் ஒன்றில் கறுப்பின மக்களின் விடுதலையையும் பண்பாட்டையும் கொண்டாடும் படவரிசை போட்டால் எதில் தொடங்குவது? கறுப்பினம் என்றாலே நமக்குத் தெரிந்தது சங்கிலியும் சாட்டையும்தான். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்துவர அது போதும், கொண்டாட்டத்துக்குப் போதாது.

என்னைக் கேட்டால் ஜூலி டாஷ் 1991இல் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' படத்தில் தொடங்கலாம் என்பேன். அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான, கறுப்பினப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. 1902இல், அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத் தீவொன்றில், ஒரு பெரிய குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே கிளம்புகிறது. நானா என்கிற கிழவி வரமாட்டேன் என்கிறாள். கிளம்புமுன் கடற்கரையில் எல்லோருக்கும் விருந்து. நடந்த கொடுமைகள் பேச்சில் வருகின்றன. சாட்டை திரைக்கு வருவதில்லை. அவுரித் தொட்டியில் உழைத்து நீலம் ஏறிய கிழவியின் கைகளைக் கேமரா நிதானமாகப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை.

அந்தத் தீவுகளின் கல்லா கீச்சி மக்களுடைய முன்னோரில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். தெற்குக் கரோலினாவின் சதுப்பில் மரம் வெட்டிக் கரை போட்டவர்கள். கடல் ஏற்றம் பார்த்து மதகைத் திறந்து மூடி நெல் விளைவித்தவர்கள். விதையைக் குதிகாலால் மண்ணில் அழுத்தினார்கள், உரலில் குத்தினார்கள், புல்லால் பின்னிய வட்டத்தட்டில் புடைத்தார்கள். அந்தப் பின்னல் கூடைகளை இன்றும் சார்ல்ஸ்டனில் விற்கிறார்கள். விளைச்சல் முதலாளிக்குப் போனது. விளைவிக்கும் அறிவும் அவனுடையதே என்று நெடுங்காலம் எழுதி வைத்தார்கள். அந்த அறிவு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்று ஜூடித் கார்னி 2001இல் 'பிளாக் ரைஸ்' நூலில் வாதிட்டார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

உப்பனாற்றில் கடல்நீர் ஏறும் கடைமடைக்காரர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பழைய தஞ்சை ஜில்லா இது. 1940களில் பி. சீனிவாசராவ் முன்னின்று கட்டிய விவசாயிகள் சங்கம் அதை எதிர்த்து நின்றது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். இதைப் பற்றிய பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தை வரிசையில் இரண்டாவதாக வைக்கலாம். கடல் கடந்த இந்த உறவு புதியதும் அல்ல. 1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தபோது அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் சாதியும் நிறமும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஜூலி டாஷின் படத்தை வயது முழுக்க நடவு நட்ட பக்கத்துத் தெரு அம்மா ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். பேச்சு புரியாத இடங்களில் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கிழவி தீவைவிட்டு வரமாட்டேன் என்று நின்றபோது அவர் கேட்டார்: "அந்தக் கெழவி குடியிருக்கிற மனை யாரு பேர்ல இருக்கு, தம்பி?"

எந்தத் திரைப்பட விழாவிலும் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வரும்வரை பண்ணையாளின் குடிசை நின்ற இடம் மிராசுதாரருடையது. சண்டை வந்தால் முதலில் போவது குடிசை. போகமாட்டேன் என்று சொல்வதற்கே காலடியில் கொஞ்சம் மண் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நூலகத்தில் திரை கட்டுகிறவர்கள் எந்தப் படம் என்று யோசிப்பதில் பாதியையாவது யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம். நமக்கு அது சம்பா அறுப்பு முடிகிற தை, மாசி. தோதான காலம்தான். நாலு மணிக்குப் போட்டால் ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள். வயலிலிருந்து திரும்பி, சோறாக்கி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள் வேண்டுமென்றால் எட்டு மணிக்குத்தான் போட வேண்டும்.