சும்மா ஒரு வாரம்

பெண் தனியாக வெளியூர் போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்கள் சில உண்டு. கல்யாணம், சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி, கோயில். ஆசிரியை என்றால் பயிற்சி வகுப்பையும் விடைத்தாள் திருத்தும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம். சிநேகிதியைப் பார்க்க, புத்தகம் வாங்க, நாலு பேரோடு உட்கார்ந்து பேச என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

2024 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம் சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னபோது மாமியார் கேட்டார்: “மெட்ராசுல யாருக்கு என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணும் இல்ல அத்த. சும்மாதான்.”

“சும்மாவா ஒரு வாரம் போவாங்க?”

அவர் கேட்டதில் தவறில்லை. அறுபத்தெட்டு வயதில் அவர் சும்மா போய்வந்த இடம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இத்தனைக்கும் உளுந்தூர்பேட்டை சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. சேலம் சாலை பிரிவதும் இங்கேதான். இரவு பகல் பாராமல் பேருந்துகள் ஓடுகின்றன. ஊரே எங்களைத் தாண்டிப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறோம்.

நான் பதினெட்டு வருடங்களாகத் தமிழ் நடத்துகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஆண் ஆசிரியர்களுக்கு டீக்கடை இருக்கிறது, சங்கக் கூட்டம் இருக்கிறது. பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் நின்று சினிமாவும் அரசியலும் பேசிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். நாங்கள் மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுவோம். அடுப்பு, மாவு, துணி, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் காத்திருக்கும். வகுப்பறைக்கு வெளியே, படித்த ஒன்றைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசிய மணி நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாளெல்லாம் மொழியைக் கையில் வைத்திருப்பவளுக்குப் பேச்சுத் துணை இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் தொலைக்காட்சி முழுக்க ஒரே செய்தி. டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார். “இந்த நேரத்துல நீ போகத்தான் வேணுமா?” என்றார் கணவர். பக்கத்து வீட்டு அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே போனார்: “ராத்திரி நேரத்துல ஒரு பையன்கூட அங்க என்ன பேச்சு?”

அந்தப் பெண் செய்தது அவ்வளவுதான். தான் படிக்கும் இடத்தில் நண்பரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். குற்றம் செய்தவனிடம் “உனக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்க வேண்டிய ஊர், அவரிடம் “உனக்கு என்ன பேச்சு?” என்று கேட்டது. போதாக்குறைக்கு அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையும் வெளியே கசிந்தது. பயமுறுத்த ஒருவன் போதும். அந்தப் பயத்தைக் கயிறாகத் திரித்து மற்றப் பெண்களைக் கட்டிப்போட வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. நான் 26ஆம் தேதி காலையில் கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்து மாறித் திருவல்லிக்கேணி போனேன். பி.எட். படித்த காலத்துத் தோழி அங்கே தன் அம்மாவோடு இருக்கிறாள். அவளும் தமிழாசிரியைதான். மறுநாள் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கியது. மூன்று மாலைகள் அங்கேயே கழிந்தன. வாங்கியதைவிட நின்று பேசியதுதான் அதிகம். கால் வலித்தால் மேடைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வோம். முன்பின் தெரியாத பெண்கள் பக்கத்தில் அமர்ந்து, கையிலிருந்த பையைப் பார்த்து, “என்ன வாங்குனீங்க?” என்று பேச்சைத் தொடங்குவார்கள்.

28ஆம் தேதி பெரம்பூரில் ஒரு தோழி வீட்டில் மதியச் சாப்பாடு. ஆறு பேர் கூடினோம். அன்றைக்குத்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்க மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சாம்பார் வாளி கை மாறிக்கொண்டிருக்க, விடுதியில் இருக்கும் மகளிடம் என்ன சொல்வது என்று பேசினோம். “வெளிய போகாதேன்னு சொல்ல மாட்டேன். எது நடந்தாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணு, நான் ஏன் போனேன்னு கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்” என்றாள் ஒருத்தி. எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ரசப்பொடி எந்த டப்பா, கேஸ் புத்தகம் எங்கே, சின்னவன் ஸ்வெட்டர் எங்கே. முதல் நாள் பதினொரு அழைப்பு, மூன்றாம் நாள் நான்கு, ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. ரசம் அவர்களுக்கே வைக்க வந்துவிட்டது.

ஞாயிறு காலை மெரினாவுக்கு நடந்தோம். வழியில் விவேகானந்தர் இல்லம். பழைய ஐஸ் ஹவுஸ். சிறுவயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற இளம் விதவைகளை இந்தக் கட்டடத்தில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அவர்களில் பலர் ஆசிரியைகள் ஆனார்கள். மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகள் கூட்டமாகக் கடற்காற்று வாங்கிய இடம். சாக்பீஸ் பிடித்திருக்கும் எங்கள் கைகளுக்கு அதுவும் ஒரு தாய்வீடு.

அதே திருவல்லிக்கேணியில்தான் வை.மு. கோதைநாயகி இருந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். பிறகு தானே எழுதப் பழகி, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். இரண்டு பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே உட்கார்ந்து கதை பேசியதில் தொடங்கியது அது. அன்றைக்கும் யாராவது எட்டிப் பார்த்து, “என்ன வெட்டிப் பேச்சு?” என்று கேட்டிருப்பார்கள்.

பெண்களின் பேச்சை வம்பு என்றும் அரட்டை என்றும் தள்ளிவைத்தே பழகிவிட்டோம். ஆண்கள் கூடிப் பேசினால் அதற்குச் சபை, மன்றம், அவை என்று மரியாதையான பெயர்கள். அவ்வையை நட்புக்கும் தூதுக்கும் உதாரணமாக வகுப்பில் நடத்துகிறோம். அவள் ஊர் ஊராக நடந்தாள், மன்னர்களோடு சரிக்குச் சரி பேசினாள் என்று மாணவிகளுக்குச் சொல்கிறோம். அந்த மாணவி வளர்ந்து ஆசிரியையான பிறகு பேருந்து நிலையத்தில் தோழியோடு பத்து நிமிடம் நின்றால், “இன்னும் வீட்டுக்குப் போகலையா டீச்சர்?” என்று கேட்கிறார்கள்.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டில் எதற்காகப் போகிறாய் என்ற கேள்வியும் இல்லை. வேலைக்குப் போகிறவளுக்கும் சும்மா போகிறவளுக்கும் ஒரே சீட்டு. போவதற்கு வழி வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபின் உட்கார ஓர் இடம் எங்களைப் போன்ற ஊர்களில் இன்னும் வரவில்லை. நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாலை ஏழரை வரை திறந்திருக்கும் ஒரு நூலகம், அதன் வாசலில் இரண்டு பெஞ்சு, எரிகிற விளக்கு, தண்ணீர் வருகிற கழிப்பறை, எட்டு மணிக்குக் கிராமத்துக்குத் திரும்ப ஒரு டவுன் பஸ்.