கதைக்காரன் சொன்ன சாட்சி

கற்பனையை விற்றுப் பிழைக்கிறவனிடம் யாரும் சத்தியம் கேட்பதில்லை. இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ கல்யாணங்களை நடத்தி வைத்திருக்கிறேன். ஓடிப்போன ஜோடிகளைத் திருப்பி அழைத்து வந்திருக்கிறேன். நடுநிசியில் தூக்கம் வராமல் கிடக்கும் ஒரு விதவையின் மனசுக்குள் புகுந்து பத்துப் பக்கம் உலாவிவிட்டு வந்திருக்கிறேன். "அதெல்லாம் உமக்கு எப்படி ஐயா தெரியும்?" என்று ஒரு பத்திரிகாசிரியராவது, ஒரு வாசகராவது என்னைக் கேட்டதில்லை. 2025-ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கம் கேட்டது.

என் அண்ணன் மகளுக்காகத்தான். அவள் கணவர் அமெரிக்கப் பிரஜை. நியூ ஜெர்ஸியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. மிருதங்கம் கற்றுக்கொள்ள மார்கழிக்கு மார்கழி சென்னைக்கு வருகிறவர். அவருடைய குருவின் வீடும் அண்ணன் வீடும் ஒரே தெருவில். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நான் சொல்ல ஆரம்பித்தால் தொடர்கதையாகிவிடும்.

நமக்கு அவள் வீட்டுப் பெண். அந்த அரசாங்கத்துக்கு அவள் 'அந்நிய நாட்டு மனைவி'. அப்படிப்பட்டவளை அழைத்துக்கொள்ளக் கணவர் அங்கே முதலில் ஒரு மனுப் போடவேண்டும். அது தேறினால் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் தேசிய விஸா மையத்துக்குப் போகும். அவர்கள் கேட்கிற தஸ்தாவேஜுகளையெல்லாம் அனுப்பி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் நேர்முகத்துக்குத் தேதி கிடைக்கும். எங்களுக்கு மும்பையில் கிடைத்தது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. அண்ணன் மகள் கடுதாசிக் கட்டுகளோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோம்.

பெயரிலேயே தகராறு ஆரம்பித்தது. நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. இப்படி ஒற்றைப் பெயரோடு வருகிறவர்களின் பெயரைக் குடும்பப் பெயருக்கு நகர்த்திவிட்டு, சொந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று மூன்று எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அதற்கு அர்த்தம். பெயர் வைத்த அத்தை காதில் இது விழக்கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறோம். அண்ணன் பெயரிலோ பள்ளிக்கூடச் சான்றிதழில் ஓர் ஹெச் அதிகம். பிறப்புச் சான்றிதழில் அந்த ஹெச் இல்லை. ஓர் எழுத்துக்காக மூன்று காரியாலயம் ஏறி இறங்கினேன். போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் அதைவிடச் சுலபமாக முடிந்தன.

மாப்பிள்ளை பங்குக்கு ஒரு பத்திரம் கொடுத்திருந்தார். மனைவியைக் காப்பாற்றத் தக்க வருமானம் தமக்கு உண்டு, அரசாங்கம் நிர்ணயித்திருக்கும் ஏழ்மைக் கோட்டுக்கு மேல் நூற்றுக்கு 25 பங்காவது அதிகம் உண்டு என்று கையெழுத்துப் போட்டு, வரி ரசீதுகளையும் வைக்க வேண்டும். அதில் ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. பிற்பாடு விவாகரத்தே ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராதாம்! அவள் அந்நாட்டுப் பிரஜையாகிறவரை, அல்லது அங்கே பத்து வருஷக் கணக்குக்கு உழைக்கிறவரை, கையெழுத்து அவரைப் பிடித்துக்கொண்டேயிருக்கும். அக்கினியைச் சாட்சி வைத்த நம் பெரியவர்கள்கூட இவ்வளவு கெட்டியாக முடிச்சுப் போடவில்லை.

இதெல்லாம் யார் என்பதற்கும் எவ்வளவு என்பதற்கும் சாட்சி. கல்யாணம் உண்மையானதுதானா என்பதற்குச் சாட்சி வேறு. இருவர் பெயரிலும் சொத்து உண்டா, சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு வாடகைச் சீட்டு உண்டா, பாங்கிக் கணக்கு பொதுவா, குழந்தை உண்டா?

"சேர்ந்து இருக்கிறதுக்கு விஸா வேணும் சித்தப்பா. விஸாவுக்குச் சேர்ந்து இருந்த அத்தாட்சி வேணுமாம்" என்றாள் அண்ணன் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நமக்கு முழு உரிமை கிடையாது. காசுக்காகக் கல்யாணம் செய்துகொண்டு, குடியேறியதும் பிரிந்துபோகிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 1986-ல் அங்கே ஒரு சட்டமே செய்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையாமல் போய் இறங்கும் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்குத்தான் அனுமதி. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில் புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து, 'இன்னும் நாங்கள் தம்பதிகள்தாம்' என்று மறுபடி ருசுப்படுத்த வேண்டும். 1990-ல் 'கிரீன் கார்டு' என்று ஒரு படம் வந்தது. காகிதத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்ட இருவர், அதிகாரியின் கேள்விகளுக்குப் பயந்து ஒருவர் பழக்கவழக்கத்தை மற்றவர் நெட்டுருப் போடும் கதை. அதை நினைத்துக்கொண்டு ஒரு நாள் ராத்திரி என் மனைவியைக் கேட்டேன், "என் பல் தேய்க்கும் பிரஷ் என்ன நிறம்?" என்று.

"பச்சை. என்னுடையது?"

எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷத் தாம்பத்தியம். விஸா எனக்குக் கிடைத்திருக்காது.

அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு ஆதாரம் குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2024 தை மாதத்துக்கு மண்டபம் பேசி, பத்திரிகையும் அச்சடித்தாகிவிட்டது. 2023 புரட்டாசியில் அண்ணனுக்கு ஈரலில் வந்தது. டாக்டர் தைவரை தாங்காது என்று சொல்லாமல் சொன்னார். மாப்பிள்ளை அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். ஐப்பசியில் ஒரு காலை, ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில், அண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் தாலி கட்டினார். மேளம் இல்லை, புரோகிதர் இல்லை, ஒன்பது பேர். 1967-ல் நம் மாநிலம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், கல்யாணம் செல்லும். மேடையில் அந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பலர் முழங்கக் கேட்டிருக்கிறேன். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. பதின்மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி 90 நாளைக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்யவேண்டுமே! துக்கத்தோடு துக்கமாகப் போனோம். "பத்திரிகையில் தை என்று போட்டிருக்கிறது. நீங்கள் ஐப்பசி என்கிறீர்கள். மண்டபம் என்கிறது பத்திரிகை. நீங்கள் ஆஸ்பத்திரி என்கிறீர்கள்" என்று குமாஸ்தா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல கதாசிரியன்கூட இப்படிப் பொருந்தாமல் எழுதமாட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு பதிந்தார்.

ஆகவே எங்களிடம் இருந்தவை அந்தப் பதிவுச் சான்றிதழ், விமான டிக்கெட்டுகள், நாலு வருஷத்து டெலிபோன் பேச்சுக்கணக்கு, ஒரு நர்ஸ் எடுத்த மூன்று மங்கலான போட்டோக்கள். போதாது என்று பயந்து, சாட்சிப் பத்திரங்களும் சேர்ப்பதென்று தீர்மானித்தோம். நேரில் அறிந்தவர்கள் பிரமாணம் செய்து எழுதித் தரலாம். தம் பெயர், விலாசம், பிறந்த தேதி, பிறந்த ஊர் எழுதவேண்டும். அதோடு, இந்தத் தம்பதிகளைப் பற்றித் தாம் சொல்வது தமக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் விவரமாக எழுதவேண்டும்.

எழுதுவதற்கு வீட்டிலேயே ஓர் ஆசாமி இருக்கும்போது என்ன கவலை? ஒரே இரவில் ஐந்து பக்கம் எழுதினேன். 'என் அண்ணன் நடுங்கும் விரல்களால் தாலியைத் தொட்டு ஆசீர்வதித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அவர் தலையணையிலிருந்து எழ முயன்றதையும், மாப்பிள்ளை அவருக்காகக் குனிந்ததையும் நான் கண்டேன்' என்று ஒரு வாக்கியம். எழுதும்போதே எனக்குத் தொண்டையை அடைத்தது.

அண்ணன் மகள் காலையில் படித்தாள். பென்சிலை எடுத்து ஒன்றுமே செய்யாமல் வைத்தாள்.

"ரொம்ப நல்லாயிருக்கு, சித்தப்பா. ஆனா நீங்க அப்ப அங்க இல்லையே."

"என்னது?"

அவள் அந்த மூன்று போட்டோக்களையும் மேஜைமேல் வைத்தாள். முதலாவதில் தாலி கட்டுகிறார், நான் இல்லை. இரண்டாவதில் குங்குமம் வைக்கிறார், நான் இல்லை. மூன்றாவதில் எல்லாரும் காமிராவைப் பார்க்கிறார்கள். கதவோரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கையில் மருந்துக்கடைக் காகிதப் பை.

பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. நர்ஸ் ஓர் ஊசிமருந்துக்குச் சீட்டெழுதிக் கொடுத்து உடனே வேண்டும் என்றாள். கீழ்த்தளத்தில் கூட்டம். லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடியும் ஏறி ஓடிவந்தேன். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இன்ஷூரன்ஸுக்காக அண்ணி கட்டி வைத்திருந்த ரசீதுகளில் அந்த மருந்துச் சீட்டும் இருந்தது, மணி 10.52 என்று அச்சாகியிருந்தது.

நான் பொய் சொல்ல வேண்டுமென்று எழுதவில்லை. ஒன்றரை வருஷமாக அந்தக் காட்சியை உறவினர்களுக்குச் சொல்லிச் சொல்லி, நானே பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் விரல் கொஞ்சம் அதிகமாக நடுங்கும். அவர் ஆயுளின் கடைசிச் சந்தோஷத்தின்போது நான் பாக்கிச் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை போலிருக்கிறது.

"இருந்துட்டுப் போகட்டுமே. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்று கேட்க வாய் வந்தது. அதே உறையில் அந்த மூன்றாவது போட்டோவும் போகிறது. அதுகூடப் பெரிதில்லை. கேட்டிருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

திருப்பி எழுதினேன். முக்கால் பக்கம். மாப்பிள்ளையை எனக்கு எந்த வருஷத்திலிருந்து தெரியும், அவர் எங்கள் வீட்டில் எத்தனை நாள் தங்கினார், அண்ணன் இருந்த பதின்மூன்று நாளும் இரவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தாம் என்பதை நான் எப்படி அறிவேன் (மாற்று ஆளாக விடியற்காலை ஐந்து மணிக்குப் போனவன் நான்). பிறகு, 'தாலி கட்டிய சமயத்தில் நான் கீழ்த்தளத்தில் மருந்துக்கடையில் இருந்தேன். அதை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் கழுத்தில் தாலி இருந்தது' என்று மூன்று வாக்கியம். அந்த மூன்றுக்கு ஐந்து பக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. அவள் இங்கிலீஷில் தட்டச்சு செய்தாள். முத்திரைத்தாளில் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டேன். "எழுத்தாளரா? பொய்யெல்லாம் இல்லையே?" என்று தமாஷ் செய்தார் வக்கீல். நான் சிரிக்கவில்லை.

மும்பையில் அவள் உள்ளே போனாள். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வந்தாள். ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்களாம். எப்படிச் சந்தித்தீர்கள், அவருக்கு என்ன வேலை, கல்யாணம் ஏன் ஆஸ்பத்திரியில் என்று மூன்று நாலு கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னபோது அவளுக்குக் குரல் கம்மிவிட்டதாம். அதிகாரி சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, விஸா வழங்கியாயிற்று என்று சொன்னாராம்.

"என் சாட்சி?"

"பார்க்கவே இல்லை, சித்தப்பா. உறையிலேயே இருக்கு."

அவள் விமானம் ஏறிய மறுநாள், அண்ணியைப் பார்க்கப் போனேன். அந்த உறையை எடுத்து வந்து, இங்கிலீஷில் இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மருந்துக்கடை இடம் வந்ததும் குரல் தானாகத் தணிந்தது.

"எனக்குத் தெரியும், தம்பி" என்றார் அண்ணி. "தாலி கட்டி முடிஞ்சதும் உங்க அண்ணன் 'அவன் எங்கே?'ன்னு கேட்டார். மருந்து வாங்கப் போயிருக்கார்னு சொன்னேன். 'பரவாயில்லை, கூடவே இருந்து பார்த்த மாதிரி எழுதிடுவான்'னு சிரிச்சார்."

நான் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் என்ன போட்டிருக்கு? மேலே படிங்க" என்றார்.