அறுபது முகங்கள், ஒரு வலக்கை

லூக்காஸ் போப் உருவாக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற வீடியோ கேமையும், ஃபுமியோ கோனோ எழுதி வரைந்த ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற மங்காவையும் அண்மையில் அடுத்தடுத்து முடித்தேன். கேம் 2018இல் வெளிவந்தது. மங்கா 2007 முதல் 2009 வரை ஜப்பானில் தொடராக வந்து மூன்று தொகுதிகளாக நூலானது. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். ஒன்று கடலில் நடக்கிறது, மற்றொன்று அடுக்களையில். ஆனாலும் இவற்றைப் பிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இரண்டுமே பேரழிவைப் பற்றியவை. செத்தவர்களைத் தலைக்கணக்காகச் சொல்லிவிட்டு நகர இரண்டுமே மறுக்கின்றன.

முதலில் கப்பல். ஓப்ரா டின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடும் ஒரு வணிகக் கப்பல். 1802இல் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டுக் காணாமல் போகிறது. 1807இல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு, உயிருள்ள ஓர் ஆள்கூட இல்லாமல் மிதந்து வந்து சேர்கிறது. கம்பெனியின் லண்டன் அலுவலகம் அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளராக நாம் அதில் ஏறுகிறோம். மொத்தம் 60 பேர். ஒவ்வொருவரின் முகத்துக்கும் பெயர் கண்டுபிடித்து, அவருக்கு என்ன நேர்ந்தது, கொல்லப்பட்டிருந்தால் யார் கையால் என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த வேலை கேட்கும் கவனத்தை நான் விளையாடிய வேறெந்தக் கேமும் என்னிடம் கேட்டதில்லை.

நம் கையில் ஒரு மாயச் சட்டைப்பைக் கடிகாரம் இருக்கிறது. எலும்புக்கூட்டின் அருகே போய் அதைத் திறந்தால் திரை இருண்டுவிடும். சாவுக்கு முந்தைய சில நொடிகளின் ஒலி மட்டும் கேட்கும்: கதவை இடிக்கும் சத்தம், ஒரு கெஞ்சல், துப்பாக்கி வெடி. பிறகு உயிர் பிரிந்த அந்தக் கணம் நம்மைச் சுற்றி அப்படியே உறைந்து நிற்கும். குண்டு அந்தரத்தில் நிற்கிறது, புகை நிற்கிறது, சிதறிய மரச்சில்லு நிற்கிறது. நாம் அவற்றுக்கிடையே நடந்து பார்க்கலாம். எதையும் தொட முடியாது, யாரையும் காப்பாற்ற முடியாது. ஆரம்பகால மெக்கின்டாஷ் கணினித் திரைகளை நினைவூட்டும்படி எல்லாமே இரண்டே நிறப் புள்ளிகளால் ஆனவை. இந்தச் சிக்கனத்தால் ரத்தம் வேடிக்கைப் பொருளாவதில்லை. கண் உருவத்தைத் தேடுகிறது, யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறது.

ஆட்களை அடையாளம் காணும் விதத்தில்தான் போப்பின் நுட்பம் தெரிகிறது. நம்மிடம் இருப்பவை பெயர், வேலை, பிறந்த நாடு அடங்கிய ஓர் ஆள்பட்டியலும், கப்பலில் பயணித்த ஓவியர் வரைந்த படங்களும்தான். பெயர் சொல்லி அழைக்கப்படுபவர்கள் சிலரே. மற்றவர்களைப் பேச்சின் சாயல், விரலில் மோதிரம், உடம்பில் பச்சைகுத்தல் இவற்றைக் கொண்டு கண்டுகொள்ள வேண்டும். கப்பலாட்கள் உறங்கும் தளத்தில் வரிசையாகத் தூளிப் படுக்கைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் உண்டு. அது பட்டியலில் உள்ள வரிசை எண். போர்வைக்கு வெளியே நீண்ட கால், அதில் மாட்டிய காலணி, இன்னொரு காட்சியில் அதே காலணியோடு பாய்மரத்தில் ஏறும் ஓர் ஆள் என்று இணைத்துக்கொண்டே போனால் ஒரு மனிதருக்குப் பெயர் கிடைக்கிறது. மூன்று பேரின் விவரம் முழுக்கச் சரியாக இருந்தால்தான் புத்தகம் அவற்றை ஏற்று அச்செழுத்தில் பதிக்கும். இந்த ஒரு விதி கண்ணைமூடிக்கொண்டு ஊகிப்பவரைத் தடுத்துவிடுகிறது. திரும்பிப் போய் இன்னொரு முறை அந்த முகத்தைப் பார் என்கிறது.

போப்புக்கு இது புதிதல்ல. 2013இல் அவர் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமில் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. வரிசையில் வருபவரின் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, உள்ளே விடவோ திருப்பி அனுப்பவோ வேண்டும். அலுவலகக் காகிதத்துக்கும் மனித முகத்துக்கும் நடுவே ஒருவரை உட்காரவைத்து, நீ எதைப் பார்க்கிறாய் என்று கேட்பது அவருடைய பாணி. ஓப்ரா டின்னில் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாகிறது.

அந்த ஆள்பட்டியலில் இந்தியாவிலிருந்து வந்த கப்பலாட்கள் சிலரும் உண்டு. அவர்களில் இருவர் கதை சூடுபிடிக்கும் முன்பே நுரையீரல் நோயில் இறந்துபோகிறார்கள். சதியில்லை, சண்டையில்லை, கடற்பூதம் இல்லை. எனக்கு அந்த இரு சாவுகளும் மற்றவற்றைவிட அதிகமாகத் தைத்தன. கம்பெனிக் கப்பல்களில் லஸ்கர்கள் என்ற பொதுப்பெயரில் வேலை பார்த்த ஆசியக் கப்பலாட்கள் வரலாற்றில் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் எத்தனை பேரின் முகம் நமக்குத் தெரியும்? கேப்டனின் சாவுக்குத் தரும் அதே இடத்தை இந்தப் புத்தகம் அந்த இருவருக்கும் தருகிறது. அவர்களை விட்டுவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. கேமின் விதியே ஒரு நீதியாகிவிடும் இடம் இது.

ஆனால் ஆட்டம் முடிந்தபின் ஒரு குறை நெஞ்சில் நின்றது. அறுபது பேரும் எப்படிப் போனார்கள் என்று தெரிந்துவிட்டது. எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரியவில்லை. காப்பீட்டு அலுவலகத்துக்கு அது தேவையுமில்லை. யார் குடும்பத்துக்கு இழப்பீடு, யார் குடும்பத்துக்கு அபராதம் என்பதோடு கம்பெனியின் அக்கறை தீர்ந்தது. இந்தக் குறையோடுதான் கோனோவின் முதல் தொகுதியைத் திறந்தேன்.

ஹிரோஷிமாவில் எபா என்ற கடலோரப் பகுதியில், கடற்பாசி காயவைத்து விற்கும் குடும்பத்தில் பிறந்தவள் சுஸு. எந்நேரமும் எதையாவது வரைந்துகொண்டிருக்கும் பெண். 1944இல் அவளைக் குரே நகரத்துக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். ஹிரோஷிமாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் குரே, ஜப்பானியக் கடற்படையின் பெரும் துறைமுகம். யமாட்டோ போர்க்கப்பல் கட்டப்பட்ட ஊர். போர் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் முதலிரண்டு தொகுதிகளிலும் நாம் பெரும்பாலும் பார்ப்பது சுஸு தண்ணீர் சுமப்பதையும், ரேஷன் வரிசையில் நிற்பதையும், பழைய கிமோனோவைப் பிரித்து வேலைக்கான காற்சட்டையாகத் தைப்பதையும்தான். எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று கோனோ படம்போட்டே காட்டுகிறார்.

அரிசித் தட்டுப்பாடு வந்தபோது சுஸு சமைக்கும் ஒரு சோறு இந்த மங்காவில் வருகிறது. தீட்டாத அரிசியை நன்றாக வறுத்து, நிறையத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வடித்தால் அதே அளவு அரிசி பானை நிறையத் தெரியும். வாயில் வைத்தால் சப்பென்றிருக்கும். ஆசையாகப் பரிமாறுகிறாள், வீட்டார் முகங்கள் மாறுகின்றன. வயிற்றை ஏமாற்றத்தான் அந்தச் சோறு. வேலியோரத்துக் கீரைகளையும் காட்டுப் பூக்களின் இலைகளையும் அவள் பறித்து வந்து குழம்பாக்கும் பக்கங்களிலும் பஞ்சம் என்ற சொல் தேவைப்படவில்லை. பஞ்சத்தை அந்தப் பெண்ணின் கைவேலையாகவே பார்க்கிறோம்.

இன்னொரு பகுதியில், மலைச்சரிவில் நின்று துறைமுகத்தை வரைந்துகொண்டிருந்த சுஸுவை ராணுவப் போலீஸ் பிடிக்கிறது. உளவாளி என்று வீட்டுக்கே வந்து மிரட்டுகிறார்கள். மாமியாரும் நாத்தனாரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். போலீஸ் போனபின்தான் தெரிகிறது, அவர்கள் அடக்கிக்கொண்டிருந்தது சிரிப்பை என்று. கனவுலகில் திரியும் இந்த மருமகளா உளவாளி! இத்தனை நெருக்கடியிலும் ஒரு வீடு வீடாகவே இருப்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது.

1945 ஜூனில் குரேயின் கடற்படைத் தளவாடத் தொழிற்சாலை மீது குண்டுகள் விழுகின்றன. விமானங்கள் போய்விட்டன. சுஸு நாத்தனார் மகள் ஹருமியை வலக்கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போகிறாள். தாமதமாக வெடிக்கும் குண்டொன்று மண்ணில் புதைந்து கிடக்கிறது. சிறுமி போய்விடுகிறாள். சுஸுவின் வலக்கையும் போய்விடுகிறது. அந்தக் கை இன்ன மாதத்தில் இதை வரைந்தது, இன்ன நேரத்தில் இவரைத் தொட்டது, கடைசியாக அந்தக் குழந்தையைப் பிடித்திருந்தது என்று அவள் எண்ணிப் பார்க்கும் பக்கங்களை நான் மெதுவாகத்தான் கடந்தேன்.

அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் வீடுகள் சாய்கின்றன, கூரைக் கோடுகள் நடுங்குகின்றன, மலைகள் கோணலாகின்றன. சுஸு கையை இழந்ததுமுதல் பின்னணிக் காட்சிகளைக் கோனோ தன் இடக்கையால் வரைந்திருக்கிறார். குரே நகரத்தின் தெருக்கள் அதே தெருக்கள்தான். அவற்றைப் பார்த்து வரைந்த கைதான் இல்லை. இழப்பைச் சொல்வதற்குப் படைப்பாளி தன் தேர்ச்சியையே விட்டுக்கொடுக்கும் இந்தச் செயலுக்கு முன் எனக்கு மரியாதை தவிர வேறெதுவும் தோன்றவில்லை. எழுத்தில் இதற்கு நிகரானதை எப்படிச் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. படக்கதைக்கு மட்டுமே வாய்க்கும் வழி இது.

அணுகுண்டு விழுந்த ஆகஸ்ட் 6 அன்று கோனோ நம்மை ஹிரோஷிமாவுக்கு அழைத்துப் போவதில்லை. குரேயில், வீட்டுக்குள் இருக்கும்போது ஒரு வெளிச்சம். சற்று நேரத்தில் ஓர் அதிர்வு. மலைக்கு அப்பால் எழும் மேகம். அவ்வளவுதான். பிறந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்பது பின்னால், துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது. ஹிரோஷிமாக்காரரான கோனோ இதற்கு முன்பே, 2004இல் நூலான ‘டவுன் ஆஃப் ஈவினிங் காம், கன்ட்ரி ஆஃப் செர்ரி ப்ளாசம்ஸ்’ மங்காவில், குண்டு விழுந்து பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதிலிருந்து தப்பாத மினாமி என்ற பெண்ணின் கதையைச் சொன்னவர். மினாமிக்குப் பார்வை போய்விடும்போது கட்டங்களுக்குள் படமே இருக்காது, வெறும் வெள்ளை. இரு நூல்களிலும் கோனோ பாத்திரத்துக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டுமே நமக்குத் தருகிறார். இந்த நேர்மைதான் அவரை நம்பவைக்கிறது.

மங்காவை முடித்த கையோடு ஓப்ரா டின்னை மறுபடி திறந்தேன். இம்முறை சாவைத் தேடவில்லை, சாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்களைத் தேடினேன். ஓவியரின் படத்தில் சீனப் பாய்மரப் பணியாளர்கள் நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பாஷை புரிந்தவர்கள், ஒருவருக்கொருவர் துணை. இந்தியக் கப்பலாள் ஒருவர் நோயில் மூச்சைவிடும் நேரத்தில் கப்பலின் மற்ற இடங்களில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கேப்டன் தன் அறைக்கு வெளியே இருப்பவர்களை எதிர்த்து நிற்கும் காட்சியில், உள்ளே படுக்கையில் அவர் மனைவியின் உடல் கிடக்கிறது. முதலில் இது எனக்குத் துப்பு. இப்போது ஒரு தாம்பத்தியத்தின் கடைசி அறை. போப் இவற்றையெல்லாம் ஏற்கெனவே வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கும் கண்ணைக் கோனோதான் எனக்குக் கொடுத்தார்.

செய்தித்தாளில் படகு கவிழ்ந்து இத்தனை பேர் பலி, குண்டுவீச்சில் இத்தனை பேர் பலி என்று தினமும் படிக்கிறோம். எண் பெரிதாகப் பெரிதாக முகம் சிறிதாகிறது. வீடியோ கேமையும் படக்கதையையும் நேரம் போக்கும் சாதனங்களாக நினைப்பவர்களிடம் நான் இந்த இரண்டையும் கொடுப்பேன். அந்த எண்ணுக்கு எதிராக இவை தம் சொந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, நேராகப் போராடுகின்றன. முதலில் கப்பல், பிறகு குரே என்ற வரிசையில் போவது நல்லது. இறந்தவர்களைப் பிழையில்லாமல் எழுத ஓப்ரா டின் பழக்குகிறது. அவர்கள் இருந்த நாட்களைப் பார்க்கக் கோனோ பழக்குகிறார். இரண்டாவதுதான் கடினம். அங்கே மூன்று பேர் சரி என்று உறுதிசெய்து அச்செழுத்தில் பதித்துத் தரும் புத்தகம் எதுவும் கிடையாது. போதுமான அளவு பார்த்தோமா என்பதை நாமேதான் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.