எத்தனை குதிரை வந்துச்சு?

எங்க ஊர்ல ஹெச்பி என்றால் கிணற்று மோட்டார்தான். நத்தம் பக்கம் பொண்ணு பார்க்கப் போகிற வீட்டில்கூட ஒரு பெருசு மெதுவாகக் கேட்கும், "தோட்டத்துல எத்தனை ஹெச்பி ஓடுது?" மூணு என்றால் தலையாட்டல். அஞ்சு என்றால் வெற்றிலைத் தட்டு பக்கத்தில் நகரும். ஏழரை என்றால் காபியில் பால் கூடும். கிணற்றில் தண்ணி இருக்கா என்று யாரும் கேட்டதில்லை :-)

பூனா வந்து 18 வருஷம் ஆச்சு. பொழப்பு எஞ்சின் டெஸ்டிங். அம்மாவிடம் யாராவது "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் "எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான்" என்பார். இதைவிடச் சரியாக என் வேலையை யாரும் சொன்னதில்லை. வாரம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அதையே பார்க்கப் போகிறவனைத் தங்கமணி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

போன ஏப்ரலில் அப்படி ஒரு ஞாயிறு. கார் பைத்தியங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, சாக்கன் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் டைனோவை ஒரு நாள் முழுக்க வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆளுக்கு 2,500 ரூபாய், மூணு ஓட்டம், ஒரு பிரிண்ட் அவுட். மிசல் பாவ் தனி.

டைனோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தரையில் பள்ளம் வெட்டி ஒரு கனத்த இரும்பு உருளையைப் பதித்திருப்பார்கள். காரின் முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கி, நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிப்பார்கள். கார் நகராது, உருளைதான் சுற்றும். உருளையின் கனம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்துச் சக்தியைக் கணக்குப் போட்டுவிடும். தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களே? தேரின் எடை தெரிந்து, அது எவ்வளவு நேரத்தில் வேகம் பிடிக்கிறது என்றும் தெரிந்தால், வடம் பிடித்தவர்களின் பலத்தைச் சொல்லிவிடலாம் இல்லையா, அதே கதைதான்.

அந்தக் குதிரையும் நிஜக் குதிரை இல்லை. 75 கிலோ எடையை, அதாவது ஒரு பெரிய நெல் மூட்டையை, ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஒரு பி.எஸ். ஜேம்ஸ் வாட் கணக்குப்படியான பிரிட்டிஷ் குதிரை இதைவிடக் கொஞ்சம் பெருசு. 100 பி.எஸ். என்பது 98.6 பிஹெச்பிதான். விளம்பரத்தில் எந்தக் குதிரையைப் போட்டிருக்கிறான் என்று பார்க்காமலே பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

நாடு முழுக்க "கித்னா தேத்தி ஹை?" என்று மைலேஜ் கேட்கும்போது இந்தக் கூட்டம் மட்டும் "கிதி ஆலே?" என்று குதிரை கேட்கும். ஒயிட் போர்டில் மூணு கட்டம்: பெயர், எவ்வளவு வரும் என்று நீங்கள் நினைப்பது, வந்தது. இரண்டாவது கட்டத்துக்கும் மூணாவது கட்டத்துக்கும் நடுவில்தான் அன்றைய கூத்து முழுக்க.

என்னுடையது 2008 மாடல் ஃபியஸ்டா 1.6. மறைமலை நகரில் பிறந்தவள், பூனாவில் வாழ்க்கைப்பட்டவள். ஃபோர்டு அந்தக் காலத்தில் சொன்னது 101 பி.எஸ். எனக்கு வந்தது 84.2. பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் "அய்யோ அங்கிள்" என்று துக்கம் விசாரித்தான். அட, கம்பெனி சொல்வது எஞ்சின் வாசலில் அளந்த கணக்கு. இது கியர் பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம். ஊரிலிருந்து அனுப்பிய மாம்பழக் கூடை பூனா வந்து சேருகிற மாதிரி! நூறுக்குப் பதினைந்து வழியில் போகும் என்பது இந்த ஆட்களின் கைக்கணக்கு. சட்டம் கிடையாது, வண்டிக்கு வண்டி மாறும். இத்தனை வருஷம் ஓடிய வண்டிக்கு அது நல்ல மார்க்குதான்.

பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று வந்தது. புதுசாக இருந்தபோது 106 பி.எஸ். வண்டியைவிட ஓனர் கிழடு, ஓனரைவிட வண்டி சுறுசுறுப்பு. சக்கரத்தில் 88 காட்டியதும் மொத்தக் கூட்டமும் கை தட்டியது. ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வைத்திருந்த ஒரு தொழிலதிபர் தன் எண்ணைப் பார்த்துவிட்டு மெஷின்தான் ரிப்பேர் என்று முடிவே கட்டிவிட்டார். இன்னொருவர் நாசிக்கிலிருந்து நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் வந்திருந்தார். இந்த மெஷினில் ஒரே ஜோடி உருளை. அவருக்கு மிசல் மட்டும்.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பில் பொள்ளாச்சித் தம்பி ஒருத்தர் இருக்கிறார். பொட்டி தட்டுகிற வேலை, எட்டு மாசக் கைக்குழந்தை. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், கம்பெனி கணக்கில் 105 பி.எஸ். (பெயர் வேண்டாம், அந்தக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) முந்தின வருஷம் காரின் கம்ப்யூட்டரில் புது மேப் ஏற்றியிருந்தார். ஏற்றியவர் சொன்ன கணக்கு 138. அந்த 138-ஐ எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும்.

மூணாவது கட்டத்தில் விழுந்தது 101.7.

வழியில் போகிற பதினைந்தைக் கழித்தாலும் 117 பக்கம் வந்திருக்க வேண்டும். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. இரண்டாவது ஓட்டம் 100.9. "என்னங்ணா இது, இப்படி ஆயிப்போச்சு? ஏமாத்திப் போட்டாங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மேப் போட்டவன் திருடன் என்றது ஒரு கோஷ்டி. வெயில் 38 டிகிரி, அதுதான் என்றது இன்னொன்று. ஒருத்தர் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஐஸ் மூட்டையே வாங்கி வந்துவிட்டார். இன்டர்கூலர்மேல் ஐஸ் வைத்து, பானெட்டைத் திறந்துவைத்து மூணாவது ஓட்டம் அடித்தால் அஞ்சு குதிரை கூடுமாம். கூடும்தான், பொய் இல்லை. டர்போ வண்டிக்குள் போகிற காற்று குளிர்ந்தால் சக்தி கூடும்.

இன்னொரு அண்ணாச்சி கரெக்‌ஷன் ஃபேக்டரை மாற்றச் சொன்னார். இது ஒரு தனி வேடிக்கை. பூனா கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஆறு சதவீதம் போலக் குறைவு. அதை ஈடுகட்ட மெஷின் ஒரு பெருக்கல் போடும். என் ஃபியஸ்டாவுக்கு அது நியாயம், அவள் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சுவாள். டர்போ வண்டியோ குறைகிற அழுத்தத்தில் பெரும்பங்கைத் தானே ஈடுகட்டிவிடும். அதற்கும் அதே பெருக்கல் என்றால் ரேஷன் கார்டு இல்லாமலே சர்க்கரை வாங்குகிற மாதிரி. பெருக்கலிலேயே பல வகை வேறு உண்டு. பழைய வகையைப் போட்டால் புதிய வகையைவிட நாலு சதவீதம் கூடக் காட்டும். அதனால்தான் கோயம்புத்தூர் டைனோவில் வந்ததையும் பூனா டைனோவில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். ஒரே மெஷின், ஒரே நாள், முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு, அவ்வளவுதான் உருப்படி.

ஐஸ் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அந்தப் பிரிண்ட் அவுட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 101.7, எல்லாரும் பார்த்தது. நடுவில் சக்தியின் கோடு, 4,500 வரை கம்பீரமாக ஏறி, அப்புறம் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தது. அடியில் இன்னொரு கோடு, ஒருத்தரும் பார்க்காதது. சைலன்சருக்குள் செருகியிருக்கும் சென்சார் போடுகிற லாம்ப்டா கோடு. காற்றும் பெட்ரோலும் கணக்காக எரிந்தால் 1. டர்போ வண்டியை முழுசாக மிதிக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகப் போக வேண்டும், 0.85 பக்கம் இருந்தால் நிம்மதி. அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிகிறதோ இல்லையோ, உள்ளே சூட்டைத் தணிக்கும். தம்பியின் கோடு 0.86-இல் தொடங்கி, 4,500-க்கு மேல் விறுவிறுவென ஏறி 1.03-இல் நின்றது. இரண்டாவது ஓட்டத்திலும் அதே இடம், அதே ஏற்றம்.

குடும்பத்துப் பாஷையில் சொன்னால், அடுப்பை முழுசாகத் திருப்பிவிட்டு, வாணலியில் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது.

"தம்பி, மூணாவது ஓட்டம் வேண்டாம்" என்றேன்.

"ஒரே ஒரு தடவைங்ணா. ஐஸ் வேற வாங்கியாந்துட்டாங்க."

"எதுக்குக் குறையுதுன்னு இந்தப் பேப்பர்லயே இருக்கு. பெட்ரோல் பத்தலை. இன்னொரு தடவை மிதிச்சா குதிரை கூடாது, பிஸ்டன் உருகும்."

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. "ஏக் அவுர், பாவு, ஏக் அவுர்" என்று சத்தம். மெஷின் ஓட்டுகிற பையன் என்னைப் பார்க்கிறான், தம்பியைப் பார்க்கிறான். அவனுக்கென்ன, மூணு ஓட்டத்துக்குக் காசு வாங்கியாச்சு. தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த 138 அவருக்கு வெறும் எண் இல்லை என்று எனக்கும் தெரியும். அப்புறம்தான் தம்பி மெதுவாகச் சொன்னார், "வெள்ளிக்கெழமை ஊருக்குப் போறமுங்ணா. பாப்பாவுக்குக் காது குத்து."

பூனாவிலிருந்து பொள்ளாச்சி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சித்திரை வெயில், ஏசி, பின்சீட்டில் குழந்தை, டிக்கி நிறையச் சாமான். சாத்தாரா தாண்டுவதற்குள் கம்பாட்கி காட் ஏற்றம். ஊருக்குள் ஆபீஸ் போய்வருகிற வண்டி ஒருநாளும் இந்த 4,500-ஐத் தொட்டிருக்காது, அதனால் இத்தனை நாள் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது தொடும். ஏற்றத்தில் தொட்டபடியே நிற்கும். வண்டி நின்றால் டோ வண்டி வரும், எஞ்சின் போனால் பணம் போகும், அதெல்லாம் சரி. எட்டு மாசக் குழந்தையை வைத்துக்கொண்டு காட் வளைவில் பாதி லாரியை முந்தின நிலையில் இழுவை போனால்?

இதை அவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "காட்ல முந்தும்போது நின்னா?" என்று மட்டும் கேட்டேன். தம்பி சாவியைத் திருப்பி அணைத்தார்.

அன்று மாலைவரை என்னிடம் பேசவில்லை. அவர் மனைவிதான் ராத்திரி தங்கமணிக்குப் போன் போட்டு விவரம் கேட்டார். "அக்கா, அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா இவரு சாப்பிடவே இல்ல" என்றாராம். தட்கலில் குர்லா எக்ஸ்பிரஸ் கிடைத்தது. ரயிலிலேயே போய், காது குத்தி, கிடா விருந்து முடித்துத் திரும்பினார்கள்.

வந்தபின் வண்டியைத் திறந்து பார்த்தால், டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கிறது. ஃபில்டர் எப்போது மாற்றியது என்று பில்லே இல்லை. பழைய மேப்புக்கு அந்தப் பம்ப் எப்படியோ ஒப்பேற்றியிருக்கும். புது மேப் கூடக் கேட்டது. போதாதற்கு இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே வேலைக்கு அளவு கொஞ்சம் கூட ஊற்ற வேண்டும். மூணும் சேர்ந்து பம்பின் கழுத்தைப் பிடித்துவிட்டன. (புது மேப் ஏற்றுவதே சரியா என்று கேட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் உங்கள் இன்சூரன்ஸ் காகிதத்தையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.)

ஜூன் கடைசியில் அதே மெஷினில் மறுபடி ஏற்றினார். கூட்டம் இல்லை, அவரும் நானும் மெஷின்காரப் பையனும்தான். லாம்ப்டா கடைசிவரை 0.86. சக்கரத்தில் 116.3. பதினைந்து சதவீதக் கைக்கணக்கில் எஞ்சினுக்குத் திருப்பிப் பார்த்தால் 137 பக்கம் வருகிறது. ஆக அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து திருடன் என்று திட்டிய அந்த மேப்காரர் சொன்ன 138 ஒன்றும் பெரிய பொய் இல்லை. திட்டியவர்களில் ஒருத்தரும் இதுவரை அவருக்குப் போன் போட்டதாகத் தெரியவில்லை.

தம்பி பிரிண்ட் அவுட்டை வாங்கியதும் முதலில் அடியில் இருந்த கோட்டைத்தான் பார்த்தார். "இது சரியா இருக்குதுங்களாண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம்தான் மேலே பார்த்துவிட்டு வாட்ச்மேனுக்குச் சொல்லப் போனார்.

அடுத்த கூட்டம் மழைக்காலம் முடிந்ததும். பூனாப் பக்கம் இருக்கிறவர்கள் வரலாம். ஆயில் அளவு, கூலன்ட், டயர் காற்று பார்த்துவிட்டு வாருங்கள். கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த டயரோடு வந்தால் உருளைமேல் ஏற்ற மாட்டார்கள், வம்பு பண்ணாதீர்கள். ஐஸ் கொண்டுவருபவர்கள் எலுமிச்சம்பழமும் சேர்த்துக் கொண்டுவரவும், ஜூஸ் போட்டுக்கொள்ளலாம்.