மாதுங்கா பிறந்த கதை

மும்பையிலுள்ள மாதுங்கா என்றதும் நம்மவர்க்குக் காப்பி மணமும் பூக்கடைகளும் நினைவில் எழும். அப்பேட்டை தோன்றக் காரணமாயிருந்தது ஒரு கொடிய நோய் என்பதைப் பலர் அறியார்.

1896-ஆம் ஆண்டு அந்நாளைய பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பெருந்திரளானோர் நகரை விட்டு ஓடினர். அதன் பின்னர், 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் நிறுவப்பெற்றது. வடக்கே வயலும் சதுப்புமாய்க் கிடந்த தாதர், மாதுங்கா நிலங்களை அது திருத்தி மனைகளாக்கிற்று. அகன்ற தெருக்களும் சாக்கடைகளும் பூங்காக்களும் திட்டமிட்டு வகுக்கப்பெற்றன. ‘ஐந்து தோட்டங்கள்’ எனும் பூங்காத் தொகுதி இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

பின்னர் உத்தியோகம் நாடி வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் இங்கே குடியேறின. ரயில்வேப் பட்டறையும் அருகிலேயே அமைந்திருந்தது. பிள்ளைகளின் படிப்பைக் கருதித் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது.

இன்று பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, உயர்ந்த மாளிகைகள் எழுகின்றன. இடநெருக்கடி மிக்க நகரில் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் மரங்களும் திறந்த வெளிகளும் குறையுமாயின், அத்தனை உயிர்களைப் பலிகொடுத்துக் கற்ற பாடம் வீணாகும். அங்கு வாழும் அன்பர்கள் வீட்டைப் புதுப்பிக்கும்போது இதனையும் நினைவிற்கொள்வார்களாக.